இடது கண்ணில் ஏறும் கோபம்

மூளையின் இரு பாதிகளும் வேலையைப் பிரித்துக்கொள்வது பேச்சறிந்த மனிதனுக்கே உரிய சிறப்பு என்ற எண்ணம் இன்னும் பரவலாக இருக்கிறது. அமெரிக்காவின் தென்கிழக்கில் வாழும் பச்சை அனோல் பல்லிகளைக் கவனித்தால் அது நிற்காது. தன் எல்லைக்குள் போட்டி ஆண் நுழைந்தால் ஆண் அனோல் பக்கவாட்டில் திரும்பி, கழுத்துக்கடியில் தொங்கும் செந்நிறத் தோலை விசிறிபோல் விரித்து, தலையை ஏற்றி இறக்கும். கண்கள் தலையின் இருபுறமும் இருக்கின்றன. பார்வை நரம்புகளோ ஏறக்குறைய முழுவதும் எதிர்ப்பக்க மூளைக்கே செல்கின்றன. ஆகவே எந்தக் கண் பார்க்கிறது என்பதைக் கொண்டே எந்தப் பாதி முன்னிற்கிறது என்று சொல்லிவிடலாம். 1995இல் ஆய்வாளர் டெக்கல் இப்பல்லிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், தாக்கும் நடத்தைகள் பெரும்பாலும் இடது கண்ணின் பார்வையில், அதாவது வலது மூளையின் பொறுப்பில் நிகழ்ந்தன. இதைக் கூண்டில் அடைத்ததால் வந்த விளைவு என்று ஒதுக்க முடியாது. 2001இல் ஹியூஸும் வொர்த்திங்டனும் காட்டில் திரியும் மரப்பல்லிகளிடமும் அதே சாய்வைக் கண்டார்கள். ஆண்களுக்கே உரியது என்றும் சொல்ல முடியாது. இணைசேர வரும் ஆணை விரட்டும் பெண் பல்லிகளிடமும் 2004இல் அதுவே தெரிந்தது. தேரைகளும் இடப்பக்கம் தென்படும் தம் இனத்தவற்றையே அதிகம் தாக்குகின்றன. இந்தச் சாய்வு பரிணாமத்தின் ஒவ்வொரு கிளையிலும் தனித்தனியே தோன்றியிருக்கலாமே என்பது வலுவான எதிர்வாதம்தான். ஆனாலும் திசைகூட மாறாமல் ஒத்துப்போவதால், தொன்மையான பொது மூதாதையிடமிருந்து வந்தது என்பதே எனக்கு நேரான விளக்கமாகப் படுகிறது.