சொந்தப் பழைய காரா, குத்தகைப் புதுக் காரா?

பிரித்தானியாவில் 1977ஆம் ஆண்டு தொடங்கிய மோட்டபிலிட்டி திட்டத்தைப் பற்றி, அங்கு உறவினர் உள்ள எம்மவர் சிலர் கேள்விப்பட்டிருப்பர். நடமாட முடியாத வலுவிழந்தோர், அரசு தரும் நடமாட்ட உதவிப்பணத்தைத் திட்டத்துக்கு விட்டுக்கொடுத்து, ஒரு புதுக் காரைப் பெரும்பாலும் 3 வருடக் குத்தகைக்குப் பெறுகின்றனர். காப்புறுதி, திருத்த வேலை, டயர் யாவும் அதற்குள் அடங்கும். கையால் இயக்கும் பொறிகள் பலவற்றை மேலதிகச் செலவின்றிப் பொருத்தியும் கொடுப்பர். தவணை முடிந்ததும் காரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அப்பணத்தில் ஒரு பழைய காரைச் சொந்தமாக வாங்கினால் என்ன? 2025 ஏப்ரலில் உயர் வீத உதவிப்பணம் வாரத்துக்கு 77.05 பவுண். மூன்று வருடத்தில் ஏறத்தாழ 12,000 பவுண் சேரும். உயர் வீதம் பெறுவோருக்குச் சொந்தக் காருக்கும் வீதிவரி இல்லை. ஆனால் பணம் சிறுகச் சிறுகத்தான் வரும்; காருக்கோ மொத்தமாகக் கொடுக்க வேண்டும். இயந்திரம் பழுதானால் அந்தச் செலவும் தன் தலையில்தான்.

எனினும், செலவுக் கணக்கோடு விடயம் முடிவதில்லை. 2013இல் அங்கு புதிய உதவிப்பண முறை வந்தது. முன்பு ஏறக்குறைய 50 மீற்றர் நடக்க முடியுமா என்று பார்த்தனர். புதிய முறையில் உயர் வீதத்துக்கான அளவு 20 மீற்றர் ஆயிற்று. மறுபரிசோதனையில் உயர் வீதத்தை இழந்த பலர் காரையும் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. அவர்களது கால்கள் குணமாகவில்லை, விதிதான் மாறியது. குத்தகைக் காணியில் பயிர் செய்தவருக்கு இந்நிலை விளங்கும்.

ஆகவே என் கருத்து இதுதான். உதவிப்பணம் நீண்ட காலத்துக்கு உறுதியாயிருந்து, ஒரு பெரிய பழுதைத் தாங்க வசதியில்லாதவருக்குக் குத்தகைக் காரே நல்லது. மறுபரிசோதனை நெருங்குபவருக்கும், சிறிது சேமிப்பும் நம்பிக்கையான மெக்கானிக்கும் உள்ளவருக்கும் அளவான பழைய கார் மேல். உதவிப்பணம் நின்றாலும் அது வாசலில் நிற்கும்.

உழவு இயந்திரமோ நீர்ப்பம்பியோ, எதையும் லீசிங்கில் எடுக்குமுன் நாமும் மூன்று கேள்விகள் கேட்போம். மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம்? பழுதானால் செலவு யாருடையது? ஒரு போகம் பிழைத்துக் கட்ட முடியாமற் போனால் எம்மிடம் மிஞ்சுவது என்ன? மூன்றாவதற்குப் பதில் கிடைக்கும்வரை கையொப்பம் வைக்க வேண்டாம்.