கூட்டம் கூடினால் போதுமா?

தைப்பூசம் முடிந்த மறுநாள், பத்துமலையில் எத்தனை இலட்சம் பேர் கூடினர் என்று சொல்லிக் கொள்வதில் நம்மவர்க்குப் பெருமகிழ்ச்சி. தலைகளை எண்ணுகிறோம், உள்ளங்கள் ஒன்றினவா என எண்ணிப் பார்த்தோமா? சந்தையிலும் கூட்டம் உண்டு. ஆயின், அங்கே ஒவ்வொருவர் நோக்கும் ஒவ்வொன்று. பலருடைய நோக்கு ஒன்றாகும் இடத்திலேதான் வழிபாடு ஆற்றல் பெறுகிறது.

தம்புசாமிப் பிள்ளை முருக வழிபாட்டை நிலைநாட்டிய அக்குகையில் 1892 முதல் தைப்பூசம் நடைபெற்று வருகிறது. இன்று நாம் ஏறும் 272 படிகள் அன்று இல்லை. 2006இல் திறக்கப்பெற்ற 140 அடிச் சிலையும் இல்லை. எனினும் நம் முன்னோர் அம்மலை ஏறினர். அவர்களை ஏற்றியது ஒருமித்த நம்பிக்கையன்றோ? பெருந்தொற்று வாட்டிய 2021இல் மலையும் படியும் சிலையும் இருந்தன. மக்கள் கூடி வழிபட இயலவில்லை. அவ்வாண்டின் வெறுமையை உணர்ந்தோர்க்கு விழாவின் உயிர் எங்கிருக்கிறது என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

காவடி எடுப்பவரை உற்று நோக்குங்கள். அவர் தனியே ஏறுவதில்லை. முன்னே ஒருவர் வழி விலக்குகிறார். அருகே ஒருவர் தண்ணீர் ஏந்தி நிற்கிறார். கால் தளரும்போது, சுற்றி நிற்போர் எழுப்பும் 'வேல் வேல்' முழக்கம் அவரைத் தாங்குகிறது. மொரீசியஸ் தீவின் தைப்பூசத்தை ஆராய்ந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குச் சான்று பகர்கிறது. அமைதியான கூட்டு வழிபாட்டில் அமர்ந்திருந்தோரைவிடக் காவடி எடுத்தோர் மிகுதியாகக் கொடை வழங்கினர். உடன் நடந்து வந்தோரும் அவ்வாறே வழங்கினர் என்பதே நாம் கருத வேண்டிய செய்தி. ஒருவர் சுமந்த நோன்பு பலர் நெஞ்சை நெகிழ்வித்தது.

இவையெல்லாம் மூடநம்பிக்கை என்பாரும் உளர். பல நாள் புலால் நீக்கி, நாவடக்கி, தரையில் துயின்று மனத்தை ஒருமுகப்படுத்தும் இளைஞனைப் பழிக்குமுன், அத்தகைய கட்டுப்பாட்டை அவனுக்குக் கற்பிக்க வேறு என்ன செய்தோம் என்று அவர்கள் சொல்லட்டும்.

இளைஞர் ஆடிப்பாடட்டும், தடுக்காதீர் என்பாரும் உளர். இவர்களால் விளையும் கேடே பெரிது. காவடியின் பக்கத்தில் ஒலிபெருக்கி திரைப்பாடலை அலறினால், நோன்பாளியின் மனம் எதில் நிற்கும்? உடன் வருவோரின் மனந்தான் எதில் நிற்கும்? சிங்கப்பூரில் 1973இல் ஊர்வலத்தில் இசைக்கருவிகள் தடைசெய்யப்பட்டன. குழுக்களிடையே மூண்ட மோதல்களே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டன. ஊர்வலப் பாதையின் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் இசைக்கு இசைவு கிடைக்க 2016 வரை காத்திருக்க நேர்ந்தது. நம்மை நாமே நெறிப்படுத்தாவிடில் பிறர் நம்மை நெறிப்படுத்துவர். அப்போது போலி ஆரவாரத்தோடு, மெய்யன்பர் நெஞ்சை உருக்கும் மேளமும் சேர்ந்தே அடங்கிவிடும்.

இதில் ஆசிரியர்க்குப் பங்கில்லையா? உண்டு. விடுமுறைக்கு மறுநாள், 'தைப்பூசத்திற்குப் போனாயா?' என்று கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது. 'யாருடைய காவடிக்குத் துணையாக நடந்தாய்? அவர் எதற்காக நேர்ந்துகொண்டார்?' என்று கேட்போம். விழாவுக்கு முன்பே விரதத்தின் பொருளை வகுப்பில் விளக்குவோம். பால்குடம் ஏந்தும் மாணவனோடு நாமும் சில படிகள் ஏறுவோம். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளை துணை நிற்கக் கற்றுக்கொள்ளும் நாளே நமக்குத் திருநாள்.

ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே! அடுத்த தைப்பூசத்தில் மலையடிவாரத்தில் நிற்கும்போது கூட்டத்தின் அளவை நோக்காதீர்கள். அருகே தளர்ந்து நிற்கும் அடியார் ஒருவரை நோக்குங்கள்; அவருக்காகக் குரல் கொடுங்கள். அக்குரல்கள் ஒன்றாகும்போது மலையும் சிறிதாகும்.