பட்டியலில் இல்லாத பெரும்பான்மை

அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தில் இருக்கிறது லவுண்ட்ஸ் கவுன்டி. கவுன்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. பரப்பிலும் மக்கள்தொகையிலும் பல நேரம் அதைவிடச் சிறியது. 1965 தொடக்கத்தில் லவுண்ட்ஸில் சுமார் 15,000 பேர் வசித்தார்கள். ஐந்தில் நான்கு பேர் கறுப்பர்கள். ஆனால் வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பர்கூட இல்லை.

வெள்ளையர் கதை நேர்மாறு. வாக்களிக்கும் வயதுள்ள வெள்ளையர்களின் எண்ணிக்கையைவிட, பட்டியலில் இருந்த வெள்ளையர் பெயர்கள் அதிகம். செத்தவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் பட்டியலில் பத்திரமாக இருந்தார்கள். அந்த மண்ணில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் இடமில்லை.

இந்தியாவில் வாக்காளர் பெயரைக் குறித்துக்கொள்ள அரசு ஊழியர் வீடு தேடி வருவது வழக்கம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் பெயர் பதிவது குடிமகனின் பொறுப்பு. அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். பட்டியலை வைத்திருப்பது பெரும்பாலும் கவுன்டி அதிகாரிகள். லவுண்ட்ஸில் அந்த அலுவலகம் மாதத்தில் இரண்டு நாள்தான் திறந்தது. போனால் எழுத்தறிவுத் தேர்வு. தேறியவர் யார், தேறாதவர் யார் என்பது பதிவு அதிகாரியின் இஷ்டம்.

1965 மார்ச் 1-ம் தேதி சுமார் 40 கறுப்பர்கள் கவுன்டியின் தலைமையிடமான ஹேன்வில் நீதிமன்றக் கட்டடத்துக்குப் போனார்கள். ஒருவர் பெயரும் ஏறவில்லை. இரண்டு வாரம் கழித்து இரண்டே பேர் பெயர் ஏறியது. அந்த இருவரில் ஒருவர் ஜான் ஹ்யூலெட்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 6-ம் தேதி அதிபர் லிண்டன் ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். எழுத்தறிவுத் தேர்வு போனது. மத்திய அரசின் அதிகாரிகளே லவுண்ட்ஸுக்கு வந்து பெயர்களைப் பதிந்தார்கள். பெயர் கொடுத்தவர்கள் விலையும் கொடுத்தார்கள். குத்தகை நிலத்தில் குடியிருந்த பலரை நிலச்சொந்தக்காரர்கள் வெளியேற்றினார்கள். அந்தக் குடும்பங்கள் டிசம்பரிலிருந்து நெடுஞ்சாலை ஓரம் கூடாரங்களில் வாழ்ந்தன. கூடாரங்களை நோக்கித் துப்பாக்கிச்சூடும் நடந்தது.

ஓட்டு வந்துவிட்டது. யாருக்குப் போடுவது? அலபாமாவில் ஆண்டுகொண்டிருந்த ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். அதன் மேல் 'வெள்ளையர் மேலாதிக்கம்' என்ற வாசகத்தை 1966 வரை கட்சி பெருமையோடு அச்சிட்டு வந்தது. ஷெரீஃப் போன்ற பதவிகளுக்கு அந்தக் கட்சியில் போட்டியிடக் கட்ட வேண்டிய தொகையையும் 50 டாலரிலிருந்து 500 டாலராக உயர்த்திவிட்டார்கள்.

ஸ்டோக்லி கார்மைக்கேல் முதலான மாணவர் இயக்கத்தினர் சட்டப் புத்தகத்தைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கவுன்டி அளவிலேயே தனிக்கட்சி தொடங்கலாம். படிக்கத் தெரியாதவர்கள் அதிகம் என்பதால் கட்சிக்குச் சின்னம் வேண்டும் (1951-52-ல் இந்தியாவில் சின்னங்கள் வந்த காரணமும் இதுதான்). சேவலுக்கு எதிராகக் கருஞ்சிறுத்தை களமிறங்கியது.

அடுத்து அவர்கள் செய்த வேலைதான் பலருக்கு நினைவில்லை. ஷெரீஃப் என்ன செய்வார்? வரி மதிப்பீட்டாளருக்கு என்ன அதிகாரம்? பள்ளிக்கூட வாரியம் எதையெல்லாம் முடிவு செய்கிறது? இவற்றைப் படக்கதை மாதிரி சிறு பிரசுரங்களாக அச்சிட்டு வீடுவீடாகக் கொடுத்தார்கள். ஷெரீஃப் என்றால் அடிப்பவர், வரி அதிகாரி என்றால் பிடுங்குபவர் என்றே பழகியிருந்தவர்களுக்கு, அவர்களைத் தேர்ந்தெடுப்பதே தாங்கள்தான் என்பது புதுச் செய்தி. 1966 மே 3-ம் தேதி, நீதிமன்றத்துக்கு அருகிலிருந்த தேவாலயத்தில் கூடி, சுமார் 900 பேர் ஓட்டுப்போட்டுத் தங்கள் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நவம்பர் தேர்தலில் ஏழு வேட்பாளர்களும் தோற்றார்கள். நிலம், வேலை, கடன் எல்லாம் வெள்ளையர் கையில் இருந்தபோது, பெயர் பதிந்த எல்லோராலும் மனம்போல ஓட்டளிக்க முடியவில்லை. ஆனாலும் பட்டியல் வளர்ந்துகொண்டே போனது. 1970-ல் லவுண்ட்ஸின் ஷெரீஃபாக ஒரு கறுப்பர் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஐந்தாண்டுக்கு முன் வாக்காளராகப் பெயர் பதிய வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பிய அதே ஜான் ஹ்யூலெட். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பதவியில் இருந்தார்.

அந்தச் சட்டத்தின் ஒரு முக்கியப் பல்லை 2013-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிடுங்கியது. பழைய பாகுபாட்டு வரலாறுள்ள பகுதிகள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் ஒப்புதல் பெற வேண்டும் என்ற ஏற்பாடு அதோடு செயலிழந்தது. வழக்குத் தொடுத்ததும் அலபாமாவின் ஒரு கவுன்டிதான்: ஷெல்பி.

டெல்லித் தேர்தலுக்கும் வாஷிங்டன் தேர்தலுக்கும் கூட்டம் கூடுகிறது. வார்டு தேர்தல் என்றால் வாக்காளர் பட்டியலைப் புரட்டிப் பார்க்கக்கூட நேரமில்லை. லவுண்ட்ஸ்காரர்கள் வீட்டை இழந்தது அதிபரைத் தேர்ந்தெடுப்பதற்காக மட்டுமல்ல. தெருவில் லத்தியோடு வருகிறவரும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை நடத்துகிறவரும் யார் என்பதைத் தாங்களே முடிவு செய்வதற்காக.