சட்டம் எழுதும் முன் மக்களைக் கேளுங்கள்

2023 ஏப்ரல் 21, தமிழ்நாடு சட்டப்பேரவைக் கூட்டத்தொடரின் கடைசி நாள். வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்தச் சட்டமுன்வடிவு குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. எதிர்ப்பு வலுக்கவே, மூன்று நாள் கழித்துத் தொழிற்சங்கங்களை அழைத்துப் பேசிவிட்டு அரசு அதை நிறுத்திவைத்தது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பணிந்ததைப் பலர் பாராட்டினார்கள். ஏப்ரல் 24 அன்று அழைக்க முடிந்தவர்களை 21க்கு முன்பே அழைக்க எது தடையாக இருந்தது? இதற்கு இன்றுவரை நேர்மையான பதில் இல்லை.

சங்கம் வைத்திருந்த தொழிலாளிக்காவது குரல் இருந்தது. அதே நாளில், 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டமும் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. ஏரியும் வாய்க்காலும் அடங்கிய நிலங்களைத் தொடும் சட்டம் அது. அந்தத் தண்ணீரை நம்பி நாற்று விடுகிறவர் என்ன நினைக்கிறார் என்று அவையில் யாரும் கேட்கவில்லை. அந்தச் சட்டம் நடைமுறைக்கும் வந்துவிட்டது.

ஒன்றிய அரசும் இதில் யோக்கியமில்லை. சட்ட வரைவை 30 நாளாவது பொதுவெளியில் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்று 2014இல் தானே நெறிமுறை வகுத்தது. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை 22 மொழிகளில் வெளியிடும்படி டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னபோது, முடியாது என்று உச்ச நீதிமன்றம் வரை போனது. தமிழில் வாசிக்கிறவருக்குக் கருத்துச் சொல்லும் உரிமை உண்டாம், வரைவு மட்டும் கிடைக்காதாம். இந்த அநீதியை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

அதைக் கண்டிக்கும் தகுதி தமிழ்நாட்டுக்கு வேண்டுமென்றால், முதலில் நம் பேரவை திருந்த வேண்டும். எந்தக் கட்சி ஆண்டாலும் சரி, ஒவ்வொரு சட்டமுன்வடிவும் அவைக்கு வருவதற்கு 30 நாள் முன்பே எளிய தமிழில் வெளியாக வேண்டும். வாழ்வாதாரத்தைத் தொடுபவை தேர்வுக் குழுவுக்குப் போக வேண்டும். அந்தக் குழு பாதிக்கப்படுவோரை நேரில் அழைத்துக் கேட்க வேண்டும். வந்த கருத்துகளில் எதை ஏற்றார்கள், எதை ஏன் தள்ளினார்கள் என்று எழுத்தில் சொல்ல வேண்டும்.

வாசகர்களே, இதைக் கேட்டு உங்கள் தொகுதி உறுப்பினருக்கு இந்த வாரமே கடிதம் எழுதுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை விடாதீர்கள்.