‘காண்டெஸா 32’ என்னும் பாய்க்கலம்

பாய்க்கலம் ஒன்றை விலைகொள்ளப் புகுவார் இந்நாளில் முதற்கண் நோக்குவது அதன் உள்ளறையையே. கட்டில்கள் எத்தனை, அடுக்களை அகன்றதோ, தலை குனியாது நிற்கலாமோ என்றெல்லாம் வினவுவர். கவிழ்ந்தால் மீண்டு நிமிருமோ என வினவுவார் அரியர். இம்முறை தலைகீழானது என்பதே எமது கருத்து. இதற்குச் சான்றாக ஆங்கில நாட்டுக் ‘காண்டெஸா 32’ என்னும் கலத்தைக் காட்டுவோம்.

டேவிட் சாட்லர் வரைய, ஜெரமி ராஜர்ஸ் லிமிங்டன் நகரிற் கட்டிய இக்கலம் 1970-களின் தொடக்கத்தில் வெளிப்போந்தது. நீளம் 32 அடி. அகலமோ ஒன்பதரை அடியே. மொத்த நிறை ஏறக்குறைய 9,500 பவுண்டு. அதனுள் 4,500 பவுண்டு ஏராவில் வைத்த அடிப்பாரம். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை எதனால் எழுந்து நிற்கின்றதோ, அதனாலேயே இக்கலமும் எழுகின்றது. அகன்ற கலம் முதலிற் சாய மறுக்கும், மெய்தான். ஆயின் ஒருகால் முற்றும் புரண்டுவிடின், மல்லாந்த ஆமைபோல் அந்நிலையிலேயே கிடக்கும். ஒடுங்கிய காண்டெஸாவோ ஏறக்குறைய 155 பாகை சாய்ந்த பின்னும் மீளும் ஆற்றலுடையது.

1979 ஆகஸ்டில் நிகழ்ந்த பாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 கலங்கள் புறப்பட்டன. அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடைப்பட்ட கடலிற் பெரும்புயல் தாக்கிற்று. பந்தயத்தினர் பதினைவர் மாண்டனர். மிகச்சிறிய வகுப்பைச் சார்ந்த 58 கலங்களுள் பந்தயத்தை முடித்தது ‘அசெண்ட்’ ஒன்றே. அது காண்டெஸா 32. ஒரு கலம் கரைசேர்ந்தமை கொண்டு முடிவு கட்டலாகாது என்பார் கூற்றை யாமும் ஒப்புகின்றோம். மாலுமியின் திறமும் அதிற் பங்குடையதே. மேலும், புயல் கண்டு துறைமுகம் நாடியவர் அறிவிலரல்லர். எனினும் பின்னர் நடந்த விசாரணையில் இதனையும் அகன்ற பந்தயக்கலம் ஒன்றனையும் ஒப்பிட்டு நோக்கியபோது, மற்றது இதனினும் மிகக் குறைந்த சாய்விலேயே நிமிரும் ஆற்றலை இழப்பது புலனாயிற்று.

குறைகளும் உள. பக்கங்கள் தாழ்ந்திருத்தலின் அலைநீர் மேல்தளத்தில் ஓயாது தெறிக்கும். உள்ளே நால்வர் இருப்பின் முழங்காலோடு முழங்கால் இடிக்கும். ஒருநாள் உல்லாசத்திற்குச் செல்வார் இதனை வெறுத்தல் இயல்பே.

இதன் உடல் கண்ணாடி இழையை அச்சிற் படலம் படலமாக இட்டுப் பிசின் ஊட்டி வார்த்தது. (நம் பரதவர் ‘பைபர்’ என்று வழங்கும் வள்ளங்களும் அப்பொருளாலாயவையே.) பலகை மூட்டுவாய் இன்மையின் அவ்வழி ஒழுக்கில்லை, மரத்தைத் துளைக்கும் கடற்புழு அணுகாது. நீர் உட்புகுந்து கொப்புளம் எழுதல் உண்டு. அது சுரண்டிச் செப்பனிடத் தக்கதே. ஆதலின் ஐம்பதாண்டு கடந்த காண்டெஸாக்கள் இன்றும் ஓடுகின்றன. கண்ணாடி இழைக்கலம் எளிதில் அழிவதில்லை. வரைந்தவன் செய்த பிழையும் அதனோடு நெடுங்காலம் மிதக்கும் என்பதை விற்போர் மறைத்துவிடுகின்றனர்.

ஐரோப்பாவிற் கலங்களுக்கு ‘ஏ’ முதல் ‘டி’ வரை தரம் குறிக்கும் முறை உண்டு. ஓரெழுத்தே பெற்ற இரு கலங்கள் புரண்டபின் ஒருபடித்தாய் நடப்பதில்லை. ஆதலின் விற்பனை ஏட்டிற் கட்டில்களின் எண்ணிக்கைக்கு அருகிலேயே, எத்தனை பாகை சாய்வு வரை கலம் நிமிரும் என்பதனையும் அதே அளவு எழுத்தில் அச்சிடல் வேண்டும்.