தராசு இருக்க வேண்டிய இடம்

எங்கள் பழவேற்காட்டில் இறாலும் நண்டும் கரையிலேயே தராசில் ஏறும். விற்பவரும் வாங்குபவரும் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். அந்தத் தராசுக்குப் பக்கத்தில் 31 வருடம் உட்கார்ந்து கணக்கு எழுதியவன் நான். அதனால்தான் இந்தக் கோபம்.

என் அக்கா மகன் ஏரியில் வலை வீசியவன். முகத்துவாரம் தூர்ந்து மீன் வரத்து குறைந்ததும் லாரிக்குப் போனான். பத்துச் சக்கர வண்டி, ஜல்லி லோடு. போன மாதம் நெடுஞ்சாலையில், தரையில் பதித்த எடைக் கருவி மேல் வண்டி ஊர்ந்து போயிருக்கிறது. ஒவ்வொரு ஆக்சிலாக எடை பார்த்து, கூட்டித் திரையில் காட்டிவிட்டது: 31.5 டன். அனுமதி 28.5. அதுவே 2018-க்கு முன்பு 25 டன்தான். 2019-ல் திருத்திய சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் 6,000. முதலாளி கட்டிவிட்டார். மாதாமாதம் இவன் சம்பளத்தில் பிடிக்கிறார்.

கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் சாலை போட்டு, லாரிகளை ஓட்டியே சோதித்தார்கள். ஆக்சில் பாரம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் சாலைக்குச் சேதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது அதிலிருந்து வந்த கணக்கு. மீஞ்சூர் பக்கம் போய் வருகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை!

கருவி நல்லதுதான், வைத்த இடம்தான் தப்பு. ஜல்லி ஏற்றும் இடத்திலேயே எடைமேடை இருக்கிறது. பில் போடுவதே டன் கணக்கில்தானே? எத்தனை டன் ஏறியது என்று ஏற்றியவருக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். ஓட்டுகிறவரோடு ஓட்ட வைக்கிறவரையும் ஓட்ட விடுகிறவரையும் சேர்த்துத்தான் சட்டம் குற்றவாளி என்கிறது. ஆனால் சாலையில் கிடக்கும் கருவி கண்ணுக்கு ஸ்டியரிங் பிடித்தவன் மட்டும்தான் தெரிகிறான். ஃபாஸ்டாக்கை நாடு முழுக்க ஒரே கம்ப்யூட்டரில் இணைத்தவர்களுக்கு, கிரஷர் எடைமேடையை இணைப்பது என்ன பெரிய காரியம்? கூடுதல் பாரம் என்றால் வண்டி வாசலைத் தாண்டவே கூடாது.

"தெரிந்தும் ஏன் எடுத்தான்?" என்று ஒரு நண்பர் கேட்டார். மாட்டேன் என்றால் சாவி அடுத்த டிரைவர் கைக்குப் போய்விடும் சார்.

சென்ற வாரம், லோடு ஏறியதும் எடைச்சீட்டைக் கேட்டிருக்கிறான். "அது ஆபீசுக்கு. உனக்கு வழியில் தருவார்கள்" என்று சிரித்தார்களாம்.