காத்திருப்போரும் கதவைத் தட்டட்டும்



சில வாரங்களுக்கு முன், ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்து சென்ற பின்னரும் ஒரு தாய் ஆலய முற்றத்திலேயே நின்றிருந்தார். அவருடைய மகன் ஐரோப்பிய நாடொன்றில் வாழ்கிறார். அந்நாட்டின் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்து ஐந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. கேட்கும்போதெல்லாம் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே பதில்தான் கிடைக்கிறது. தந்தையின் நல்லடக்கத்துக்குக்கூட அவரால் வர இயலவில்லை.

"இன்னும் எத்தனை வருசம், ஃபாதர்?" என்று அந்தத் தாய் கேட்டார்.

"பொறுமையாயிருங்கள் அம்மா, செபியுங்கள். நமது உண்மையான குடியுரிமை விண்ணகத்தில் அல்லவா இருக்கிறது" என்றேன். அவர் தலையசைத்துவிட்டுச் சென்றார். ஆனால் அன்றிரவு எனது வார்த்தைகள் என்னையே உறுத்தின. நான் கூறியது பொய்யன்று. எனினும் அந்தத் தாயின் கேள்வியை வாங்கிக்கொள்ளாமல் அவரை அனுப்பிவிடுவதற்கே அந்த உண்மையை நான் பயன்படுத்தினேன்.

பிரஜாவுரிமைக்கான காத்திருப்பை இந்நாட்டுத் தமிழருக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சமர்ப்பிக்கப்பட்டன. ஆண்டுக்கணக்கில் நீடித்த பரிசீலனையின் முடிவில் பிரஜாவுரிமை பெற்றோர் ஏறக்குறைய 134,000 பேரே. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வாக்களித்த மக்களில் பெரும்பாலானோர் 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்கற்றவர்களாக நின்றனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரைச் சரிபாதியாகப் பிரிக்கும் முடிவு 1974ஆம் ஆண்டிலேயே எட்டப்பட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது, முதற் சட்டம் நிறைவேறி 55 ஆண்டுகள் உருண்டோடியிருந்தன. அவ்வாண்டு டிசம்பரில் நடந்த பதிவு இயக்கத்தில் பத்தே நாட்களில் ஏறத்தாழ 190,000 பேர் பிரஜாவுரிமை பெற்றனர். மனம் இருந்திருந்தால் பத்து நாட்களில் முடிந்திருக்கக்கூடிய காரியத்துக்காக மூன்று தலைமுறைகள் காத்திருந்தன!

தோட்டப்புறப் பங்கொன்றில் நான் உதவிக் குருவாகப் பணியாற்றிய காலத்தில், முதியவர் ஒருவர் தம் லயன் வீட்டில் ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். அவருடைய தந்தை 1951ஆம் ஆண்டில் விண்ணப்பித்ததற்கான பற்றுச்சீட்டு, மங்கிப்போன அரிசிக் கூப்பன் புத்தகம், பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டிலிருந்து பெற்ற பிரதி ஆகிய அனைத்தும் அதில் மடிப்புக் குலையாமல் இருந்தன. போதிய சான்றில்லை என்று தந்தையின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவர் நாடற்றவராகவே இறந்தார். மகனுக்கு 2003இல் பிரஜாவுரிமை கிடைத்தது.

"எங்கப்பா காத்துக்கிட்டுதான் இருந்தாரு சாமி. ஆனா சும்மா இருக்கல. கொய்யா மரம் வச்சாரு, எங்களப் படிக்க வச்சாரு, கேக்க வேண்டிய எடத்துல எல்லாம் போய்க் கேட்டாரு" என்றார் அம்முதியவர்.

இறையியற் கல்லூரியில் பல ஆண்டுகள் பயின்ற எனக்கு அன்று அந்த லயன் வீட்டில் ஒரு பாடம் கிடைத்தது. காத்திருத்தல் வேறு, சும்மா இருத்தல் வேறு.

விண்ணகக் குடியுரிமையைப் பற்றிப் புனித பவுல் எழுதியது பிலிப்பி நகர மக்களுக்கு. அதே பிலிப்பி நகரில் அவர் விசாரணையின்றி அடிக்கப்பட்டுச் சிறையில் இடப்பட்டார். மறுநாள் அதிகாரிகள் அவரை இரகசியமாக அனுப்பிவிட முயன்றபோது அவர் மறுத்தார். தாம் உரோமைக் குடிமகன் என்பதை எடுத்துரைத்து, அதிகாரிகளே நேரில் வந்து தம்மை வெளியே அழைத்துச் செல்ல வேண்டும் என்றார். திருத்தூதர் பணிகள் 16ஆம் அதிகாரத்தில் இதனை வாசிக்கலாம். விண்ணகத்தை நம்பியவர் மண்ணக உரிமையைத் துச்சமென எண்ணவில்லை. ஆகவே அவருடைய வார்த்தையைக் கொண்டு காத்திருப்போரின் வாயை அடைப்பது, நான் செய்ததைப் போன்ற தவறாகும்.

லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில், மனந்தளராமல் செபிப்பதற்கு எடுத்துக்காட்டாக இயேசு யாரைக் காட்டுகிறார்? நீதிபதியின் வாசலுக்கு மீண்டும் மீண்டும் சென்று நியாயம் கேட்ட ஒரு கைம்பெண்ணை. அவருடைய செபமும் அவருடைய முறையீடும் ஒன்றாகவே இருந்தன.

எனவே காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். அனுப்பிய ஒவ்வொரு பத்திரத்தின் பிரதியையும், அனுப்பிய திகதியையும் பேணி வையுங்கள். முகவரி மாறினால் உடனே அறிவியுங்கள். விசாரிப்பதை எழுத்தில் விசாரியுங்கள். 'உள்ளே ஆள் இருக்கிறது' என்று பணம் கேட்கும் தரகரை நம்பாதீர்கள். அந்நாட்டில் தகுதியும் அனுமதியும் பெற்ற சட்ட ஆலோசகரையே நாடுங்கள். இவையெல்லாம் விசுவாசக் குறைவின் அடையாளங்கள் அல்ல. அந்தக் கைம்பெண் வாசலுக்கு நடந்த நடைதான் இவை.

அதே வேளையில், வாழ்வை அந்தக் கடிதத்துக்காக நிறுத்தி வைக்காதீர்கள். நாடுகடத்தப்பட்டுப் பாபிலோனில் இருந்த மக்களுக்கு இறைவாக்கினர் எரேமியா எழுதிய மடல் அந்நூலின் 29ஆம் அதிகாரத்தில் உள்ளது. விடுதலை தாமதமாகும் என்பதை அவர் மறைக்கவில்லை. வீடு கட்டவும், தோட்டமிட்டு அதன் பலனை உண்ணவும், திருமணம் செய்து பிள்ளைகளைப் பெறவும், வாழும் நகரின் நலனுக்காக மன்றாடவும் கூறினார். 'பத்திரம் வரட்டும், பிறகு பார்க்கலாம்' என்று திருமணத்தையும் படிப்பையும் மொழி கற்பதையும் தள்ளிப்போடும் இளையோர், தாமதிக்கும் அலுவலகத்துக்குத் தம் இளமையையும் சேர்த்துக் கொடுத்துவிடுகின்றனர்.

இங்கிருக்கும் பெற்றோரே, தொலைபேசியில் உங்கள் முதற் கேள்வி 'இன்னும் வரவில்லையா?' என்பதாக இருக்க வேண்டாம். 'சாப்பிட்டாயா? கோயிலுக்குப் போனாயா? யாரோடு சிரித்துப் பேசினாய்?' என்று கேளுங்கள். பத்திரம் வந்தாலும் வராவிட்டாலும் அவன் உங்கள் பிள்ளை என்பதை அவன் உங்கள் குரலிலிருந்தே அறிய வேண்டும்.

இறுதியாக, பிரஜாவுரிமையுடன் பிறந்த நமக்கும் ஒரு கடமை உண்டு. 1948, 1949ஆம் ஆண்டுகளில் மலையக மக்களின் உரிமை பறிக்கப்பட்டபோது, அதனால் தம் பிரஜாவுரிமைக்கு ஆபத்தேதும் இல்லாதிருந்தும் எதிர்த்துக் குரல் எழுப்பியவர்களுள் எஸ். ஜே. வி. செல்வநாயகமும் ஒருவர். அவரும் ஒரு கிறிஸ்தவரே. இன்றும் தமிழ்நாட்டின் முகாம்களில், போரினால் இங்கிருந்து சென்ற நம் மக்கள் எந்த நாட்டில் தம் எதிர்காலம் என்று அறியாது காத்திருக்கின்றனர். அங்கு பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் அவர்களுள் உளர். 2019ஆம் ஆண்டில் இந்தியா நிறைவேற்றிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையரான அவர்களுக்கு இடமில்லை. நம் செபங்களில் அவர்கள் இடம்பெறுகின்றனரா? திருமுழுக்குப் பதிவேட்டின் பிரதி கேட்டு வருவோரை 'நாளை வாருங்கள்' என்று திருப்பி அனுப்பாதிருப்பது என் போன்ற குருக்களின் முதற் கடமை. ஒரு நாள் தாமதம் நமக்குச் சிறியது. காத்திருப்பவருக்கு அது இன்னொரு மூடிய கதவு.

மறுவாரம் அந்தத் தாயை அழைத்து அமரச் செய்தேன். மகன் கேட்டிருந்த திருமுழுக்குச் சான்றிதழை அன்றே எழுதிக் கொடுத்தேன். அவர் கொண்டுவந்திருந்த கடிதங்களைத் திகதிவாரியாக அடுக்கினோம். பின்னர் இருவரும் அவருடைய மகனுக்காகச் செபித்தோம். அவருடைய கேள்விக்கு என்னிடம் அன்றும் விடை இருக்கவில்லை. ஆனால் இம்முறை அவர் தனியே காத்திருக்கவில்லை.